வீட்டுக்கு ஒரு துப்பாக்கியா? முதல்ல பூட்டைப் பத்திப் பேசுவோம்

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். விஷயம் கொஞ்சம் கனமானது. அதனால பஸ்ல, மெட்ரோல போய்க்கிட்டே கேக்குறவங்க கொஞ்சம் சவுண்ட் கூட்டி வச்சுக்கோங்க.

சில மாதமா ஒரே மாதிரி கேள்வி வந்துட்டே இருக்கு. டல்லாஸ், ஹூஸ்டன், அட்லாண்டா பக்கம் இருக்கிற நம்ம ஆட்கள் அனுப்புறது. "கிரீன் கார்டு வந்தாச்சு. வீடு வாங்கியாச்சு. ரெண்டு குழந்தைங்க. பக்கத்துத் தெருவுல திருட்டு நடந்திருக்கு. பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம் ப்ரோ?"

நானும் டல்லாஸ் புறநகர்லதான் இருக்கேன். எனக்கும் ரெண்டு குழந்தைங்க. இதே பேச்சு எங்க வீட்லயும் ஓடுச்சு. அதனால இது சும்மா படிச்சுட்டு வந்து ஒப்பிக்கிற எபிசோட் இல்லை.

சென்னையிலும் கோவையிலும் இருந்து கேக்குறவங்க "எங்களுக்கு எதுக்கு இது?"ன்னு நினைக்கலாம். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்குறதே பெரிய வேலை. வாங்கினாலும் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் பொதுவா ரெண்டு துப்பாக்கிதான் வச்சுக்க முடியும். ஆனா அடுத்த வருஷம் எம்எஸ் படிக்க நீங்க அமெரிக்கா வரலாம். உங்க அப்பா அம்மா பேரனைப் பார்க்க ஆறு மாசம் இங்க வந்து தங்கலாம். பியூ ரிசர்ச் சென்டர் 2023-ல எடுத்த கணக்கெடுப்புப்படி அமெரிக்காவில் வயது வந்தவர்களில் மூணுல ஒருத்தர்கிட்ட துப்பாக்கி இருக்கு. நீங்க போற ஏதோ ஒரு வீட்ல அது இருக்கும். அதனால நீங்களும் கேளுங்க.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். "எது வாங்கலாம்?" என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, "எப்படிப் பூட்டி வைப்பீங்க?" அதுக்குப் பதில் இல்லைன்னா, கடைக்குப் போகவே வேண்டாம்.

பயம் பொய் இல்லை

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். பயப்படுறவங்களைக் கிண்டல் பண்ற எபிசோட் இது இல்லை. நம்ம வீடுகள்ல தங்கம் இருக்கும்னு இங்க திருடனுக்கும் தெரியும். 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், டெக்சாஸ் மாநிலங்கள்ல ஆசிய, தெற்காசியக் குடும்பங்களாப் பார்த்து, வீட்டுக்குள்ள ஆயுதத்தோட புகுந்து, குழந்தைகள் உட்பட எல்லாரையும் மிரட்டிக் கொள்ளையடிச்ச ஒரு கும்பல் இருந்தது. அதை நடத்தினவங்களுக்கு 2019-ல 37 வருஷம் சிறைத்தண்டனை கிடைச்சது. வீட்டு ஆளுங்க உள்ள இருக்கும்போதே நடந்த கொள்ளைகள் அவை. அதைக் கேட்ட எந்த அப்பா அம்மாவுக்கும் வயித்தைக் கலக்கும்.

சட்டமும் இங்க துப்பாக்கி வச்சுக்கிற உரிமையின் பக்கம் நிக்குது. வீட்டுக்குள்ள தற்காப்புக்காகத் துப்பாக்கி வச்சுக்கிறது தனிமனித உரிமைன்னு 2008-ல ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆக, வாங்க நினைக்கிறது குற்றம் இல்லை.

ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய சில விஷயங்கள் இருக்கு. கல்யாண நகையை வீட்டு அலமாரியில வைக்காம வங்கி லாக்கர்ல வையுங்க. வாசக்கதவுத் தாழ்ப்பாள் போய் உட்காருற இரும்புத் தகட்டைக் கழட்டிப் பாருங்க. பல வீடுகள்ல முக்கால் அங்குல ஸ்க்ரூதான் போட்டிருப்பாங்க. அதை எடுத்துட்டு மூணு அங்குல ஸ்க்ரூ போட்டா, அது உள்ளே இருக்கிற மரச்சட்டத்தைப் பிடிக்கும். ஒரே உதையில கதவு திறக்காது. கொல்லைப்பக்கம் சென்சார் லைட், கராஜ் கதவு ராத்திரி மூடியிருக்கான்னு ஒரு பார்வை. ஊருக்குப் போறப்ப ஏர்போர்ட் செல்ஃபி போடாதீங்க, திரும்பி வந்து போடுங்க. இதுல எதுவும் உங்க குழந்தையைக் காயப்படுத்தாது. மொத்தச் செலவும் ஒரு துப்பாக்கி விலையைவிடக் குறைவு.

முதல்ல உங்க விசாவைப் பாருங்க

இது நம்ம ஆட்கள் பலருக்குத் தெரியாத இடம். எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. "வீக்எண்ட் ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டுட்டு வருவோம்"னு நண்பர்கள் கூப்பிடுவாங்க. வாடகைக்கு எடுத்துக் கையில பிடிச்சாலும் அது வச்சிருக்கிறதுதான். ஒரு ஜாலி சனிக்கிழமைக்காக விசாவைப் பணயம் வைக்காதீங்க. கிரீன் கார்டு இருக்கிறவங்க வாங்கலாம்.

லைசென்ஸ் உள்ள கடையில வாங்கும்போது 4473-ங்கிற படிவம் நிரப்பணும். எஃப்பிஐ நடத்துற பின்னணிச் சோதனை நடக்கும். கைத்துப்பாக்கிக்கு 21 வயசு, ரைபிள், ஷாட்கன்னுக்கு 18. இது மத்தியச் சட்டம். மாநிலம் இதைவிடக் கடுமையா வைக்கலாம். அந்தப் படிவத்துல பொய் சொன்னா அது பெரிய குற்றம். "மச்சி, எனக்கு இன்னும் எச்-1பி, உன் பேர்ல ஒண்ணு வாங்கிக் குடுடா"ன்னு யாராவது கேட்டா, நட்பை அங்கேயே நிறுத்தி வையுங்க. இன்னொருத்தருக்காகப் பேர் மாத்தி வாங்குறதுக்கு 2022 சட்டத்துக்கு அப்புறம் 15 வருஷம் வரை தண்டனை உண்டு.

வீட்ல ஒருத்தருக்குக் கிரீன் கார்டு, இன்னொருத்தருக்கு இல்லைன்னா? அப்ப பெட்டியோட கோட் இன்னொருத்தருக்குத் தெரியலாமாங்கிறதே சட்டக் கேள்வி. வாங்குறதுக்கு முன்னாடி குடியேற்றச் சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் பேசுங்க.

யாருக்கு ஆபத்து?

நாம கற்பனை பண்ற காட்சி ஒண்ணு இருக்கு. நடுராத்திரி, கண்ணாடி உடையுற சத்தம், முகமூடி போட்ட ஒருத்தன். அது நடக்காதுன்னு சொல்லலை. ஆனா அந்தத் துப்பாக்கி மத்த 364 நாளும் அதே வீட்லதான் இருக்கும். அந்த நாட்கள்ல அது யார் பக்கத்துல இருக்குங்கிறதுதான் பெரிய கேள்வி.

2021-ல அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவங்க 48,830 பேர். அதுல 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல! செய்தியில நாம பார்க்கிறது மீதியைத்தான். 2020-ல இருந்து ஒண்ணு முதல் 19 வயது வரை உள்ளவங்க இறப்புக்கு முதல் காரணமே துப்பாக்கிதான். அதுவரை கார் விபத்து முதலிடத்தில் இருந்தது.

தற்கொலை பத்தி மெதுவா ஒண்ணு சொல்றேன். பல முயற்சிகள் சில நிமிஷ, சில மணி நேர வேகத்துல நடக்குறவை. அந்த நேரம் கடந்துட்டா, பிழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க பின்னாடி தற்கொலையால இறக்குறதில்லை. ஆனா துப்பாக்கி கையில கிடைச்சா அந்த ரெண்டாவது வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறதில்லை. ஒரு பூட்டு கொடுக்கிற பத்து நிமிஷத் தாமதம் ஒரு உயிரா இருக்கலாம். பரீட்சை மார்க், காதல், வேலை போனது, விசா பிரச்சினைன்னு நம்ம வீடுகள்லயும் இந்த வேகம் வரும். இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்களுக்கே மனசு பாரமா இருந்தா, அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மானஸ் 14416. ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடலாம்.

ஒளிச்சு வைக்கிறது பூட்டி வைக்கிறது ஆகாது

"குழந்தைக்கு எட்டாத உயரத்துல வச்சிருக்கேன் ப்ரோ." "புடவை மடிப்புக்குள்ள இருக்கு, யாருக்கும் தெரியாது." இப்படிச் சொல்றவங்களை நான் நேர்லயே பார்த்திருக்கேன்.

சின்ன வயசுல நம்ம அம்மா கடுகு டப்பாவுல காசு ஒளிச்சு வச்சது நமக்குத் தெரியாதா? பீரோ சாவி எந்தப் படத்துக்குப் பின்னாடி தொங்குதுன்னு தெரியாதா? தீபாவளிப் பட்டாசு எந்தப் பரண்ல இருக்குன்னு? எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி நடிச்சோம், அவ்வளவுதான். நம்ம பிள்ளைங்க நம்மளைவிடக் கெட்டிக்காரங்க.

அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளைங்களையும் தனித்தனியா உட்கார வச்சுக் கேட்ட ஆய்வு ஒண்ணு 2006-ல வந்தது. "எங்க துப்பாக்கி எங்க இருக்குன்னு பிள்ளைக்குத் தெரியாது"ன்னு சொன்ன பெற்றோர்ல 39 சதவீதம் பேரோட பிள்ளைங்க, "எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டாங்க. "தொட்டதே இல்லை"ன்னு பெற்றோர் சொன்ன பிள்ளைங்கள்ல 22 சதவீதம் பேர், "தொட்டிருக்கேன்"னு சொன்னாங்க.

இன்னொண்ணு, அட்லாண்டாவில் நடந்து 2001-ல வெளியான ஆய்வு. 8 முதல் 12 வயசுப் பசங்க 64 பேரைச் சின்னச் சின்னக் குழுக்களா ஒரு அறையில விட்டாங்க. டிராயர்ல ஒரு நிஜக் கைத்துப்பாக்கி. தோட்டா கிடையாது, சுடமுடியாதபடி செஞ்சிருந்தாங்க. 48 பசங்க அதைக் கண்டுபிடிச்சாங்க. 30 பேர் கையில எடுத்தாங்க. 16 பேர் டிரிகரை அழுத்தினாங்க. கையில எடுத்த பசங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் துப்பாக்கியைத் தொடக்கூடாதுன்னு ஏதோ ஒரு வகையில ஏற்கெனவே பாடம் நடந்திருந்தது.

இதுக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டாம்னு அர்த்தமில்லை. "பார்த்தா தொடாதே, அங்க இருந்து கிளம்பு, பெரியவங்ககிட்ட சொல்லு." இந்த மூணையும் கட்டாயம் சொல்லுங்க. ஆனா பாதுகாப்பின் பாரத்தை ஒன்பது வயசுக் குழந்தை தலையில வைக்காதீங்க. அது நம்ம வேலை.

பூட்டு வகைகள்

சரி, திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரங்க நாம. பூட்டைப் பத்தி விலாவாரியாப் பேசுவோம்.

முதல் வகை, கேபிள் லாக். சைக்கிள் பூட்டு மாதிரி ஒரு கம்பி, துப்பாக்கிக்குள்ள நுழைஞ்சு வெளிய வரும். கம்பி உள்ள இருக்கும்போது தோட்டா போட முடியாது. 2005-ல வந்த சட்டப்படி, கடைக்காரர் கைத்துப்பாக்கி விக்கும்போது ஏதாவது ஒரு பூட்டோ பாதுகாப்புக் கருவியோ சேர்த்துத் தரணும். பல போலீஸ் நிலையங்கள்ல கேபிள் லாக் இலவசமாவே கிடைக்கும். ஆனா துப்பாக்கியைத் திருடுறவனை இது தடுக்காது. கட்டர் இருந்தா போதும்.

ரெண்டாவது, டிரிகர் லாக். டிரிகரைச் சுத்தி ரெண்டு பக்கமும் பிடிக்கிற பூட்டு. தோட்டா போட்ட துப்பாக்கியில இதை எப்பவும் மாட்டாதீங்க. மாட்டும்போதே டிரிகர் அழுந்தலாம்.

மூணாவது, படுக்கையறை லாக் பாக்ஸ். சின்ன இரும்புப் பெட்டி. பட்டன் கோட், சாவி, இல்லைன்னா கைரேகை. தற்காப்புக்குன்னு வாங்குறவங்களுக்குப் பொருந்துறது இதுதான், ஏன்னா சில நொடியில திறக்கலாம். ஆனா ரெண்டு விஷயம். பெட்டியை மேஜையிலோ சுவரிலோ ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. இல்லைன்னா திருடன் பெட்டியோடவே தூக்கிட்டுப் போவான். அப்புறம், கைரேகைப் பெட்டியைக் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. 2023 அக்டோபர்ல ஒரு நிறுவனத்தோட சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற வச்சது. உரிமையாளர் ரேகை பதிவாகியிருக்குன்னு நினைச்சிருப்பார், ஆனா பெட்டி யார் விரல் வச்சாலும் திறக்கும் நிலையிலேயே இருந்திருக்கும். ஒரு 12 வயசுப் பையன் இறந்துபோனதா வழக்கு நடந்த விவகாரம் அது. அதனால பெட்டி வாங்கினதும் வீட்ல இருக்கிற எல்லார் விரலையும் வச்சுப் பாருங்க. திறக்கக் கூடாதவங்களுக்குத் திறக்கவே கூடாது.

நாலாவது, பெரிய சேஃப். ரைபிள், ஷாட்கன் நிக்க வைக்கிற அலமாரி. தரையோட போல்ட் போட்டு இறுக்கணும்.

எது வாங்கினாலும், தினமும் தேவைப்படாத துப்பாக்கிக்கு விதி எளிது. தோட்டாவை எடுத்துடுங்க, துப்பாக்கியைப் பூட்டுங்க, தோட்டாவை வேற இடத்துல தனியாப் பூட்டுங்க. 2005-ல வந்த ஒரு பெரிய ஆய்வு, இதுல ஒவ்வொண்ணுமே பிள்ளைங்க தற்கொலை, விபத்து அபாயம் குறைவா இருக்கிறதோட தொடர்புடையதுன்னு காட்டிச்சு. ஆக, முழுசா முடியலைன்னாலும் ஒரு படி எடுத்து வைக்கிறதும் பலன்தான்.

கோட் நம்பரா குழந்தை பிறந்தநாளையும் கல்யாண நாளையும் வைக்காதீங்க. ஃபோன் பின் நம்பரும் வேண்டாம். அது உங்க நாலு வயசுக் குழந்தைக்கே தெரியும். கார்ல விட்டுட்டு இறங்காதீங்க. கார் கண்ணாடிக்கு ஒரு கல்லு போதும்; திருட்டுப் போற துப்பாக்கிகள்ல ஏராளம் கார்ல இருந்து போறதுதான்.

சாக்லேட் சோதனை

எங்க நண்பர் ஒருத்தர் பண்ணினது எனக்கு ரொம்பப் பிடிச்சது. துப்பாக்கி வாங்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பெட்டியை வாங்கி மாட்டினார். உள்ள துப்பாக்கிக்குப் பதிலா ஒரு பெரிய சாக்லேட் பார். பிள்ளைங்ககிட்ட, "இதுல சாக்லேட் இருக்கு, திறந்தா உங்களுக்கு"ன்னு சொல்லிட்டார்.

ஏழாவது நாள் சாக்லேட் காணோம். பெரிய பொண்ணு, பத்து வயசு. எப்படித் திறந்தேன்னு கேட்டா, "நீங்க அமுக்குறப்ப பீப் சத்தம் வருமில்ல, எண்ணிட்டேன். அப்புறம் எந்த பட்டன்ல கறை இருக்குன்னு பார்த்தேன்"னு சொன்னாளாம்! அவர் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டு, சத்தமில்லாத, மெக்கானிக்கல் பட்டன் பெட்டி வாங்கினார். ரெண்டாவது சாக்லேட் ஒரு மாசம் அப்படியே இருந்தது. அதுக்கப்புறம்தான் கடைக்குப் போனார்.

நீங்களும் இதைச் செய்யுங்க. அதே மாசத்துல இருட்டுல, தூக்கக் கலக்கத்துல, உங்களால பெட்டியைத் திறக்க முடியுதான்னும் பார்த்துக்கோங்க.

இப்ப, எது வாங்கலாம்?

கடைசிக் கேள்விக்கு வந்தாச்சு. பிராண்ட் பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. அதைவிட உங்க வீட்டுச் சுவர் முக்கியம்.

நம்ம ஊர் வீட்டுச் சுவர் செங்கல். இங்க உள் சுவர்னா ரெண்டு அரை அங்குல ஜிப்சம் போர்டு, நடுவுல மரச்சட்டம், மீதி காற்று. கைத்துப்பாக்கிக் குண்டோ, ஷாட்கன்னோட பெரிய குண்டுகளோ, ரைபிள் குண்டோ, இந்தச் சுவரை ஊடுருவி அடுத்த அறைக்குப் போயிடும். அடுத்த அறையில யார் தூங்குறாங்க? அபார்ட்மென்ட்னா அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். வீட்டு வரைபடத்தை ஒரு பேப்பர்ல வரைஞ்சு, குழந்தைங்க கட்டில் எங்க இருக்குன்னு குறிச்சுட்டு அப்புறம் யோசிங்க.

ஷாட்கன் பத்தி ரெண்டு கதை உலாவும். "குறி பார்க்கவே வேணாம், பரவலாப் போகும்." ஒரு அறை தூரத்துல அது பரவுறது கிட்டத்தட்ட உள்ளங்கை அளவுதான், குறி பார்த்தே ஆகணும். "லோட் பண்ற சத்தம் கேட்டாலே ஓடிடுவான்." ஓடலாம், ஓடாமலும் போகலாம், சத்தத்தை நம்பி ஆயுதம் வாங்கக் கூடாது. அது நீளம், உதை அதிகம், வீட்ல ரெண்டு பேரும் கையாள முடியணும். ஏஆர்-15 வகை ரைபிள் கையாளச் சுலபம்னு சொல்வாங்க, ஆனா படுக்கையறைச் சின்னப் பெட்டிக்குள்ள அடங்காது. கைத்துப்பாக்கி பெட்டிக்குள்ள அடங்கும். ஆனா குறி தப்புறதுக்கு அதிக வாய்ப்பு, குழந்தை கையிலும் சுலபமா அடங்கும். தோட்டா அடைக்கிற மேகசினைக் கழட்டிட்டாலும், பிஸ்டல் சேம்பர்ல ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். "காலியாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்லி நடக்கிற விபத்துகள் பல இதனாலதான்.

ஆக எதை வாங்கினாலும் பயிற்சி வேணும். அதுவும் ஒரு தடவை போய் ஃபோட்டோ எடுத்துட்டு வர்ற பயிற்சி இல்லை. நாலு விதி மனப்பாடம் ஆகணும். எந்தத் துப்பாக்கியும் லோட் ஆகியிருக்குன்னே நினைச்சுக் கையாளணும். அழிக்க நினைக்காத எதன் மேலயும் அதன் முனை திரும்பக் கூடாது. குறி பார்க்கிற வரை விரல் டிரிகர் மேல போகக் கூடாது. யாரைச் சுடுறோம், அவங்களுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சே ஆகணும்.

அந்த நாலாவது விதிக்கு ஒரு பேர் இருக்கு. யோஷிஹிரோ ஹட்டோரி. ஜப்பான்ல இருந்து படிக்க வந்த 16 வயசுப் பையன். 1992 அக்டோபர்ல லூசியானாவின் பேட்டன் ரூஜ்ல ஹாலோவீன் விருந்துக்குப் போறப்ப, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிட்டான். வீட்டுக்காரர் துப்பாக்கியோட வந்தார். பையன் அசையாம நிக்கலை, பக்கத்துல வந்தான், சுட்டுட்டார். குற்றவியல் வழக்குல அவர் விடுதலை ஆனார். அந்தப் பையன் திரும்பி வரலை. புதுசா இந்த ஊருக்கு வர்ற மாணவர்களே, முகவரியை ரெண்டு தடவை பாருங்க. துப்பாக்கி வச்சிருக்கிற அப்பாக்களே, ஜெட்லாக்ல ராத்திரி மூணு மணிக்குத் தண்ணி குடிக்க எந்திரிச்சு நடமாடுறது உங்க மாமனாரா இருக்கலாம். டார்ச் லைட் இல்லாம துப்பாக்கி எடுக்காதீங்க.

சட்டம் உங்களைக் கேள்வி கேக்கும்

டெக்சாஸ்ல 17 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கைக்கு, சுடத் தயாரா இருக்கிற துப்பாக்கி கிடைக்கிற மாதிரி அலட்சியமா விட்டா அதுவே குற்றம். பிள்ளை அதைச் சுட்டு யாருக்காவது உயிரோ உடலோ போனா தண்டனை கூடும்.

மிச்சிகன்ல ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில 2021 நவம்பர் 30 அன்னைக்கு 15 வயசுப் பையன் நாலு மாணவர்களைச் சுட்டுக் கொன்னான். அப்பா சில நாள் முன்னாடி வாங்கின கைத்துப்பாக்கி அது. 2024-ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியா 10 முதல் 15 வருஷம் சிறை. அதே 2024 பிப்ரவரியில, சிறுவர்கள் இருக்கிற வீட்ல துப்பாக்கியைப் பூட்டி வைக்கணும்னு மிச்சிகன்ல சட்டம் அமலுக்கு வந்துச்சு. உங்க மாநிலச் சட்டம் என்னன்னு பாருங்க. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வீட்டு நிலைமையும் மாறும். டீன்ஏஜ் பையன் பேச்சைக் குறைச்சுட்டு அறைக்குள்ளயே இருக்கான். கணவன் மனைவிக்குள்ள பெரிய சண்டை. ஊர்ல இருந்து வந்த அப்பாவுக்கு மறதி நோய். இப்படி ஒரு காலம் வந்தா பூட்டு மட்டும் போதாது. துப்பாக்கி கொஞ்ச நாள் வீட்டை விட்டு வெளிய போகணும். சில துப்பாக்கிக் கடைகளும் போலீஸ் நிலையங்களும் தற்காலிகமா வாங்கி வச்சுக்குவாங்க. கொலராடோ மாதிரி சில மாநிலங்கள்ல அப்படிப்பட்ட இடங்களோட வரைபடமே இருக்கு.

கேக்கக் கூச்சப்படாதீங்க

துப்பாக்கி வாங்காதவங்களுக்கும் இது பொருந்தும். உங்க பிள்ளை இன்னொரு வீட்டுக்கு விளையாடப் போகுது. கேக்குறது நம்ம ஆட்களுக்குக் கூச்சம். "அவங்களைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமே." அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பே இதைக் கேளுங்கன்னு சொல்லுது. வருஷா வருஷம் ஜூன் 21-ஐ இதுக்காகவே ஒரு நாளா வச்சு நினைவூட்டுறாங்க.

என் மனைவி கேக்குற விதத்தை அப்படியே தர்றேன்: "ஹாய் சிஸ்டர், நாளைக்குப் பாப்பா வர்றா. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. நாய் இருந்தா கொஞ்சம் பயப்படுவா. அப்புறம் எல்லார்கிட்டயும் கேக்குறதுதான், வீட்ல துப்பாக்கி இருந்தா பூட்டி வச்சிருக்கீங்களா?" அவ்வளவுதான். வேர்க்கடலைக்கும் நாய்க்கும் அப்புறம் மூணாவதா அது சாதாரணமா வந்துடுது. இதுவரைக்கும் யாரும் கோவிச்சுக்கலை. ரெண்டு பேர், "நல்லவேளை கேட்டீங்க, இன்னைக்கே பெட்டி வாங்குறோம்"னு சொன்னாங்க.

எங்க வீட்டுக் கணக்கு

எங்க வீட்ல என்ன முடிவுன்னு கேப்பீங்க. ரெண்டு பேரும் பயிற்சி வகுப்புக்குப் போனோம். பெட்டி வாங்கி மாட்டினோம். அப்புறம் ராத்திரித் திட்டம் ஒண்ணு எழுதினோம்: சத்தம் கேட்டா யார் எங்க போறது, யார் 911 கூப்பிடுறது. எழுதிப் பார்த்தப்ப ஒண்ணு புரிஞ்சது. எங்க வீட்டு அமைப்புல குழந்தைங்க அறை ஹாலுக்கு அந்தப் பக்கம். முதல் நிமிஷம் நாங்க ரெண்டு பேரும் அவங்களைத் தூக்கத்தான் ஓடுவோம். பெட்டிகிட்ட நிக்க ஆளே இல்லை. அதனால இப்போதைக்கு வாங்கலை. பெட்டிக்குள்ள பாஸ்போர்ட் இருக்கு. குழந்தைங்க அறையை எங்க அறைக்குப் பக்கத்துக்கு மாத்திட்டோம், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போட்டோம்.

சாக்லேட் நண்பர் அதே கணக்கைப் போட்டு வாங்கினார். அவர் திட்டத்துல குடும்பம் முழுக்க ஒரே அறைக்குள்ள வந்து, கதவை அடைச்சுட்டு, 911 லைன்ல இருக்கிற வரைக்கும் துப்பாக்கி அந்த அறையை விட்டு வெளிய வராது. வீடு முழுக்க ஆளைத் தேடிப் போறது போலீஸ் வேலை. அவர் முடிவை நான் மதிக்கிறேன். ரெண்டு பேருமே பூட்டுல இருந்துதான் தொடங்கினோம்.

இந்த வாரம் உங்களுக்கு மூணு வேலை. வாசக்கதவு ஸ்க்ரூவைப் பாருங்க. துப்பாக்கி வச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, "எங்கடா வச்சிருக்க?"ன்னு ஒரு தடவை கேளுங்க. உங்க பிள்ளை அடுத்து விளையாடப் போற வீட்டுக்கு, வேர்க்கடலையோட சேர்த்து அந்தக் கேள்வியையும் அனுப்புங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த வாரம் சந்திப்போம். பத்திரமா இருங்க.